யாவர்க்கும் வானம்

பழைய விமானங்களில் பற்றுக்கொண்டோர் நால்வர் ஓரிடத்தில் கூடினால், அவர்களிடையே ஒரு விளையாட்டு நிகழ்வதுண்டு. ஒருவர் மங்கிப்போன நிழற்படம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைப்பார். புல்வெளியில் நிற்கும் ஒரு சிறு விமானம் அதில் காணப்படும். பெயரோ எண்ணோ விளங்காது. அஃது எவ்வகை விமானம், எவர் செய்தது, எந்த ஆண்டைச் சார்ந்தது என்பனவற்றை ஏனையோர் கண்டு கூறல் வேண்டும்.

தொழிற்சாலையில் உருவான விமானமாயின் விடை காண்பது அரிதன்று. ஒரே வார்ப்பில் பிறந்த உடன்பிறப்புகள் அதற்குப் பல இருக்கும். ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையில் தம் கையாலேயே செய்துகொண்ட விமானமாயின் கண்டறிதல் மிகக் கடினம். வரைபடம் ஒன்றாயினும் செய்வோர் கைதோறும் அது வேறுபடும். ஒருவர் சக்கரத்தை மாற்றியிருப்பார். மற்றொருவர் தம்மிடம் கிடந்த மோட்டார் சைக்கிளின் எந்திரத்தையே மூக்கில் பொருத்தியிருப்பார். ஆகவே, பல்லாண்டு பழகியவரும் இவ்விளையாட்டில் தோற்பதுண்டு.

ஆயினும், ஒரு குடும்பத்து விமானத்தை மட்டும் அவர்கள் பார்த்த அளவிலேயே அறிந்துகொள்வர். உடல் குட்டையாக இருக்கும். ஓர் இறக்கைக்குப் பின்னால், சற்றுத் தாழ்ந்து, மற்றோர் இறக்கை நிற்கும். ஏனைய விமானங்களில் வாலின் இருபுறத்தும் காணப்படும் சிறு தட்டுகள் இதற்கு இல்லை. பெரியதொரு சுக்கான் மட்டுமே பின்னால் நிமிர்ந்து நிற்கும். காண்போர்க்கு நகைப்பை விளைக்கும் இவ்வுருவத்திற்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் பெயர் வானத்துப் பேன் என்பது. ஆங்கிலேயர் அதனைப் பறக்கும் தெள்ளுப்பூச்சி என்றனர். அதனைப் படைத்தவர் ஹென்றி மின்யே என்னும் பிரெஞ்சுக்காரர்.

மின்யே 1893-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19-ஆம் நாள், பிரான்சின் மேற்குப் பகுதியிலுள்ள சேந்த் என்னும் ஊரில் பிறந்தார். அவர் பத்து வயதுச் சிறுவராக இருந்தபொழுது, அமெரிக்காவில் ரைட் உடன்பிறந்தார் முதன்முதலில் எந்திர விமானத்திற் பறந்தனர். அவர் பதினைந்து வயதினராக இருந்த 1909-ஆம் ஆண்டில், பிளேரியோ என்னும் பிரெஞ்சு வீரர் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள கால்வாயை வானில் கடந்தார். அக்காலத்துப் பிரெஞ்சு இளைஞருள் வானத்தை எண்ணி ஏங்காதவர் அரியர். ஏங்கியவருள் பெரும்பாலோர் பிற்காலத்தில் அவ்வேக்கத்தை மறந்து தத்தம் தொழிலில் ஆழ்ந்தனர். மின்யே மறக்கவில்லை. செருமானிய அறிஞர் லிலியந்தாலின் மிதவை விமானத்தைக் கருத்திற் கொண்டு, எந்திரம் இல்லாத மிதவை ஒன்றைத் தம் இளமையிலேயே அவர் செய்து பார்த்தார்.

முதல் உலகப் போர் மூண்டபொழுது அவர் கம்பியில்லாத் தந்தித் துறையில் பணியாற்றினார். போர் முடிந்தபின் பிரான்சில் விமானங்களுக்குக் குறைவில்லை, விமானிகளுக்கும் குறைவில்லை. ஆயினும், பறத்தல் செல்வர்க்கும் படைவீரர்க்கும் உரியதாகவே இருந்தது. விமானத்தின் விலை பெரிது. அதனை நிறுத்திவைக்கும் கொட்டகையின் வாடகையும் பெரிது. பயிற்சியின் செலவோ அவற்றினும் பெரிது. இந்நிலை மின்யேயின் உள்ளத்தை உறுத்திற்று. தெருவில் செல்லும் எளிய மனிதன் ஒருவன் மிதிவண்டி வைத்திருப்பதுபோல் விமானமும் வைத்திருத்தல் ஏன் இயலாது என்று அவர் எண்ணினார்.

அவர் ஒன்றன்பின் ஒன்றாக விமானங்களைக் கட்டினார். ஒவ்வொன்றற்கும் தம் பெயரின் முதலெழுத்துக்களோடு ஓர் எண்ணையும் சேர்த்துப் பெயரிட்டார். அவற்றுட் பல தரையைவிட்டுச் செவ்வனே எழவில்லை. எழுந்த சில நெடிது நிலைக்கவில்லை. 1928-ஆம் ஆண்டில் எட்டாம் எண் பெற்ற விமானம் நன்கு பறந்தது. அஃது ஒற்றை இறக்கையை உடலுக்கு மேலே தாங்கிய எளிய வடிவம். அதனைச் செய்யும் முறையை அவர் மறைத்து வைக்கவில்லை. விமானச் செய்திகளுக்கென்றே வெளிவந்த 'இறக்கைகள்' என்னும் பொருள்தரும் பிரெஞ்சு வார இதழில் அதனை விரித்து எழுதினார். படித்தவர் பலர் தாமும் அவ்வாறே செய்யத் தொடங்கினர். ஏறத்தாழ 200 விமானங்கள் அவ்வடிவில் எழுந்தன என்பர்.

ஆயினும் மின்யேயின் உள்ளம் நிறைவுறவில்லை. அதற்குக் காரணம் விந்தையானது. விமானம் செய்ய வல்ல அவருக்கு, அக்காலத்து விமானங்களைச் செவ்வனே ஓட்டுதல் கைவரவில்லை. வழக்கமான விமானத்தில் கைப்பிடிக் கோலால் இறக்கை நுனிகளையும் வால் தட்டையும் இயக்கல் வேண்டும். அதே வேளையில் கால்மிதிகளால் சுக்கானைத் திருப்பல் வேண்டும். கையும் காலும் ஒன்றையொன்று அறிந்து இயங்கும் இத்திறம் தமக்கு இல்லை என்பதனை அவர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். வேறொருவராயின் நாணி அதனை மறைத்திருப்பர். மின்யே, குற்றம் தம்மிடம் மட்டும் இல்லை, கருவியிடமும் உண்டு என்று துணிந்தார். தமக்கு அரிதாக இருப்பது தம்மைப் போன்ற எளியவர் ஆயிரவர்க்கும் அரிதாகவே இருக்கும் அன்றோ?

மற்றொரு கவலையும் அவருக்கு இருந்தது. அந்நாளில் புதிய விமானிகள் பலர் உயிரிழந்தது ஒரே வகையால். வேகம் குன்றும்பொழுது மூக்கை உயர்த்தினால், இறக்கை காற்றைப் பற்றும் ஆற்றலை இழக்கும். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து, பம்பரம்போற் சுழன்று வீழும். இவ்விடர் நிகழவே இயலாத விமானம் ஒன்றை ஆக்கவேண்டும் என்பது அவர் குறிக்கோள்.

அதன் விளைவே பதினான்காம் எண் விமானம். அதன் நீளம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். முன் இறக்கையின் அகலம் ஏறத்தாழ ஆறு மீட்டர். மரச்சட்டம், ஒட்டுப்பலகை, பசை, ஆணி, துணி ஆகியவையே அதன் பெரும்பகுதி. இறக்கை நுனியில் அசையும் தட்டுகள் இல்லை, கால்மிதிகளும் இல்லை. ஒரே ஒரு கோல் உண்டு. அதனை முன்னும் பின்னும் தள்ளினால், முன் இறக்கை முழுவதும் கீல்மேல் சாய்ந்து விமானத்தை ஏற்றும், இறக்கும். அதனை இடமும் வலமும் தள்ளினால் சுக்கான் திரும்பும். இறக்கை நுனிகள் மேல்நோக்கி வளைந்திருந்தமையால், சுக்கான் திரும்பிய அளவில் விமானம் தானே தக்கவாறு சாய்ந்து திரும்பிற்று. வேகம் குன்றினாலோ, மூக்கு மெல்லத் தாழுமேயன்றிச் சுழன்று வீழவில்லை.

சுவாசோன் நகருக்கு அருகில், காட்டை ஒட்டிய வெளியொன்றில் கூடாரம் அடித்து, மின்யே அங்கேயே தங்கி அதனைச் சோதித்தார். 1933-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் அது முதன்முதலில் வானில் எழுந்தது. அதனை இழுத்தது, மோட்டார் சைக்கிளுக்கு ஏற்ற, இருபது குதிரைத்திறனுக்கு மேற்படாத ஒரு சிறு எந்திரம். வாடகைக் கொட்டகையும் பயிற்சி ஆசிரியரும் இன்றி, ஒரு வயல்வெளியினின்று எளிய மனிதர் ஒருவர் எழுந்து பறந்தார். அவர் பல திங்கள் வரை அதனைப் பறக்கவிட்டு, கண்ட குறைகளைத் திருத்தினார். தமக்கு நிறைவு தோன்றிய பின்னரே வெளியிட்டார்.

பேன் என்னும் பெயர் இகழ்ச்சியாற் பிறந்ததன்று. அமெரிக்கச் செல்வர் ஃபோர்டு செய்த மலிவான மோட்டார் வண்டிகள் பிரெஞ்சு நாட்டுச் சாலைகளில் எங்கும் நிறைந்து மெல்ல ஊர்ந்தபொழுது, மக்கள் அவற்றைச் சாலைப் பேன் என்று கேலி செய்தனர். சாலைக்கு ஃபோர்டு வண்டி போன்று வானத்திற்குத் தம் விமானம் ஆகவேண்டும் என்று விரும்பிய மின்யே, அப்பெயரை ஒட்டியே தம் படைப்புக்குப் பெயர் சூட்டினார்.

1934-ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூல் வெளிவந்தது. விமானத்தை வெட்டுதல், ஒட்டுதல், பூட்டுதல், ஓட்டுதல் ஆகிய யாவும் அதில் படங்களோடு விளக்கப்பட்டிருந்தன. பெட்டி ஒன்றை ஆணி அடித்துச் செய்ய வல்லவர் விமானமும் செய்ய வல்லவரே என்னும் ஊக்கம் அந்நூலின் ஏடுகள்தோறும் ததும்பிற்று. அதுகாறும் எந்த விமான அறிஞரும் பொதுமக்களோடு அத்துணை நெருங்கிப் பேசியதில்லை. பிரான்சின் சிற்றூர்களில் தச்சரும், கடைக்காரரும், ஆசிரியரும் உளியை எடுத்தனர். 1935-ஆம் ஆண்டில் நூல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. முதற் பதிப்பின் படிகள் ஒரு திங்களுக்குள் விற்றுத் தீர்ந்தன. அவ்வாண்டு சூலைத் திங்களில், இங்கிலாந்திலேயே செய்யப்பட்ட முதல் பேன் இலண்டனுக்கு அருகிலுள்ள ஹெஸ்டன் நிலையத்தில் எழுந்தது. அடுத்த திங்களில் மின்யே தாமே தம் சிறு விமானத்தில் ஏறிக் கால்வாயைக் கடந்து இங்கிலாந்தில் இறங்கினார். இளமையில் பிளேரியோவின் புகழைக் கேட்டு வியந்தவர், தம் கையாற் செய்த விமானத்தில் அதே கடலை கடந்தபொழுது அடைந்த உவகைக்கு அளவு ஏது! அமெரிக்காவிலும், வானொலிப் பெட்டிகள் செய்து புகழ்பெற்ற பவல் கிராஸ்லி என்பவர் தமக்கென ஒன்று செய்வித்தார்.

இக்காலத்தேதான் பேன்கள் தம்முள் வேறுபடத் தொடங்கின. இங்கிலாந்தில் சிலர் டக்ளஸ், ஸ்காட் என்னும் மோட்டார் சைக்கிள் எந்திரங்களைப் பொருத்தினர். சிலர் ஃபோர்டு காரின் எந்திரத்தைத் திருத்திப் பொருத்தினர். எடை கூடியது, மூக்கு நீண்டது, உடல் அகன்றது. நிழற்படத்தைக் கண்டு ஆளை அறியும் விளையாட்டுக்கு இவ்வேறுபாடுகளே இன்று துணை. அன்றோ அவை ஒரு பெருங்குழப்பத்திற்கும் காரணமாயின.

பேன்கள் வீழத் தொடங்கின. பிரான்சிலும் இங்கிலாந்திலும் உயிரிழப்புகள் நேர்ந்தன. செய்தவர் கைத்திறம் போதாது, பசை ஒட்டவில்லை, எந்திரம் பளு மிக்கது, ஓட்டியவர் பழகாதவர் என்றெல்லாம் தொடக்கத்தில் மக்கள் காரணம் கற்பித்தனர். ஒவ்வொரு விமானமும் ஒவ்வொரு வகையாக இருந்தமையால் அக்காரணங்கள் பொருந்துவனபோலவே தோன்றின. ஆனால், 1936-ஆம் ஆண்டு ஏப்ரல், மே ஆகிய இரு திங்களுக்குள் இங்கிலாந்தில் அடுத்தடுத்து உயிர்கள் மாய்ந்தன. மாண்டவருள் விமானப்படையில் தேர்ச்சி பெற்றவரும் இருந்தனர். பழகாதவர் பிழை என்று இனிக் கூற இயலவில்லை. வீழ்ந்த வகையும் ஒன்றாகவே இருந்தது: விமானம் மூக்கைத் தாழ்த்திப் பாயத் தொடங்கும், பின்னர் நிமிராமலே சென்று தரையில் மோதும்.

உண்மையை அறிய இரு நாட்டாரும் முற்பட்டனர். இங்கிலாந்தில் பார்ன்பரோ என்னுமிடத்தில் அரசின் விமான ஆராய்ச்சி நிலையம் இருந்தது. பெரிய விசிறி ஒன்று காற்றை விரைந்து செலுத்த, அக்காற்றின் நடுவே விமானத்தை நிறுத்திவைத்து அதன் இயல்பை அளந்தறியும் காற்றுச் சுரங்கம் அங்கு உண்டு. 24 அடி குறுக்களவுள்ள அச்சுரங்கத்தில் ஒரு பேனை முழு உருவத்துடனேயே நிறுத்தினர். பிரான்சில் பாரிசுக்கு அருகிலுள்ள சலே-மெதோன் சுரங்கத்திலும் சோதனை நிகழ்ந்தது.

குற்றம் பசையில் இல்லை, ஆணியிலும் இல்லை. அது வடிவத்திலேயே ஒளிந்திருந்தது. மூக்குச் செங்குத்தாகத் தாழ்ந்து பாயும் வேளையில், அதனை நிமிர்த்த எண்ணும் விமானி இயல்பாகவே கோலைத் தம்பால் இழுப்பார். இழுத்தவுடன் முன் இறக்கையின் பின் விளிம்பு கீழிறங்கிப் பின் இறக்கையை நெருங்கும். இரண்டற்கும் இடைப்பட்ட வழி குறுகக் குறுக, காற்று அதன் ஊடே விரைந்து பாய்ந்து பின் இறக்கையை மேலே தூக்கும். பின்பகுதி உயர்ந்தால் மூக்கு இன்னும் தாழும் அன்றோ? விமானி எத்துணை வலிந்து இழுத்தாரோ அத்துணை விரைவாக அவர் தரையை நோக்கிச் சென்றார். உயிர் காக்கும் செயலென அவர் கற்றிருந்ததே அங்கு உயிர் கொல்லும் செயலாயிற்று.

மின்யே அஞ்சியது சுழன்று வீழும் இடரை. அவ்விடரை அவர் உண்மையாகவே ஒழித்தார். அதனை ஒழிக்க அவர் கைக்கொண்ட அமைப்பே, எவரும் அறியாத மற்றோர் இடரைத் தன் வயிற்றிற் சுமந்துகொண்டிருந்தது. பல திங்கள் சோதித்தும் அஃது அவர் கண்ணிற் படாமற்போனது ஏன்? அவர் மென்மையாகப் பறப்பவர். அத்துணைச் செங்குத்தாகத் தம் விமானத்தைப் பாயவிட்டதில்லை போலும். தாம் பறந்ததுபோலவே பிறரும் பறப்பர் என்று நம்பினார். அவருடைய நூலைக் கையில் ஏந்தியவரோ பல நூற்றுவர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையாகப் பறந்தனர்.

பேன்கள் பறத்தலாகாது எனத் தடுக்கப்பட்டன. இங்கிலாந்தில் எழுந்த ஆர்வம் எழுந்த விரைவிலேயே அவிந்தது. பாதி செய்த விமானங்கள் கொட்டகை மூலைகளிற் கிடந்தன, சில விறகாயின. அரும்பாடுபட்டுத் தேடிய புகழ், அதே பெயரைச் சொல்லி மக்கள் அஞ்சும் நிலைக்கு மாறிற்று. தம் சொல்லை நம்பி உளியெடுத்தவர் மாண்டனர் என்னும் செய்தியைத் தாங்குதல் எவர்க்கும் எளிதன்று. மின்யே கண்டிக்கப்பட்டார், எள்ளப்பட்டார்.

அவர் தொழிலை விட்டுவிடவில்லை. குற்றம் எங்குளது என்பது தெளிந்தபின் அதனை நீக்கும் வழியும் தெளிந்தது. இறக்கையின் வடிவையும், இரு இறக்கைகளும் ஒன்றற்கொன்று அமைந்த நிலையையும் அவர் திருத்தினார். ஆனால், திருந்திய விமானம் ஆயத்தமானபொழுது அதனை வரவேற்க முன்போல் மக்கள் இல்லை. 1937-ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று, சிகாகோவில் விமானத் தொழில் நிறுவ முயன்றார், அது நிலைபெறவில்லை. தாய்நாட்டுக்கு மீண்டார். இரண்டாம் உலகப் போர் மூண்டது. அதன் இறுதிக் காலமாகிய 1944-ஆம் ஆண்டில், நாடு கொந்தளித்திருந்த நாள்களில், அவர் தம் மனைவியையும் இழந்தார். வானமும் பொய்த்து, வீடும் இருண்ட அந்நாளில் அவருக்கு வயது ஐம்பது கடந்திருந்தது.

போருக்குப் பின்னர் மின்யே மீண்டும் பலகையும் பசையும் எடுத்தார். 1946-ஆம் ஆண்டில் 290 என்னும் எண் தாங்கிய புதிய பேன் தோன்றியது. இறக்கைகளை மடித்து வண்டியின் பின்னால் கட்டி வீட்டுக்கே இழுத்துச் செல்லும் வகையில் அஃது அமைந்திருந்தது. கொட்டகை வாடகை என்னும் பழைய பகையை அவர் மறக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று. பின்னர் அர்ஜென்டீனா, பிரேசில், ஜப்பான், மொராக்கோ என நாடு நாடாகச் சென்று, சென்ற இடந்தோறும் இரட்டை இறக்கை விமானங்களையே உருவாக்கினார். பெருஞ்செல்வம் எங்கும் கிட்டவில்லை. நெறியை மாற்றிக்கொண்டு வழக்கமான விமானங்களைச் செய்திருந்தால் ஒருகால் கிட்டியிருக்கலாம். அவரோ 1933-ஆம் ஆண்டில் சுவாசோன் வெளியில் எழுந்த கருத்தைப் பிழை நீக்கி நிலைநாட்டுவதிலேயே தம் பிற்பகுதி வாழ்நாள் முழுவதையும் செலவிட்டார். அவர் இறுதிக் காலத்திற்குள் பிரான்சில் திருந்திய பேன்கள் மீண்டும் பறக்கலாயின. அவற்றைச் செய்வோரும் ஓட்டுவோரும் கூடி மகிழும் வழக்கமும் பின்னர் அந்நாட்டில் வேரூன்றிற்று.

ஹென்றி மின்யே 1965-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள், போர்தோவுக்கு அருகிலுள்ள பெசாக் என்னும் ஊரில், தம் 71-ஆம் வயதில் மறைந்தார்.

1936-ஆம் ஆண்டில் மூலையில் ஒதுக்கப்பட்ட பேன்களுட் சில அழியாமல் எஞ்சின. கிராஸ்லி செய்வித்த விமானத்தை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் காட்சிச்சாலை காத்து வருகிறது. இங்கிலாந்தின் காட்சிச்சாலைகள் பலவற்றிலும், பெரும்போர் விமானங்களின் நிழலில், கூரையினின்று தொங்கியவாறு ஒரு பேன் காணப்படும். அவற்றுட் சிலவற்றின் கீழே செய்தவர் பெயரும் ஊரும் எழுதப்பட்டுள்ளன. பெயர் அறியப்படாதனவும் உண்டு. அவற்றின் முன் நின்று, எந்திரத்தையும் சக்கரத்தையும் பசை படிந்த மூட்டுகளையும் உற்றுநோக்கி, எந்த ஊர்த் தச்சர் செய்தது, எந்தக் கடைக்காரர் செய்தது என்று ஆர்வலர் இன்னும் ஊகித்துக்கொண்டே இருக்கின்றனர்.